கெமிஸ்ட்ரி லேபில் நாம விட்டுட்டு வந்த நீலம்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோட முதல் ரிவியூ. ஓஎல்இடி ஸ்க்ரீனில் வர்ற பர்ன்-இன் கறையை சாஃப்ட்வேர் மூலமா சரி பண்றதுதான் தலைப்பு. ஒரே இடத்தில் ரொம்ப நாள் நின்ன கீபோர்டு, ஸ்டேட்டஸ் பார் எல்லாம் ஸ்க்ரீனில் நிழல் மாதிரி பதிஞ்சிடும் இல்லையா, அதுதான். எந்த பிக்சல் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு கணக்கு போட்டு, அதுக்கு ஏத்த மாதிரி கரண்ட்டை ஏத்துவோம்னு ஸ்லைடு காட்டினோம். ரிவியூவுக்கு வந்த மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "நீலம் மட்டும் ஏன் சீக்கிரம் தேயுது?"

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். கரண்ட்டை ஏத்தினா அந்த நீலம் இன்னும் வேகமா தேயும்னுகூட அப்பதான் உறைச்சது. பதில் இருந்த இடம் கெமிஸ்ட்ரி. அதை முதல் வருஷமே பாஸ் பண்ணி, மறந்தும் போயிருந்தோம்.

அதனால என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். உங்க கையில் இருக்கிற டிஸ்ப்ளேயோட பெரிய பிரச்சினை சர்க்யூட்டில் இல்ல, மூலக்கூறில் இருக்கு. கெமிஸ்ட்ரியை 'கிளியர் பண்ற பேப்பர்'னு ஒதுக்கிட்டு வர்ற இன்ஜினியர் அதைத் தொடவே முடியாது.

கதை 1987-ல் தொடங்குது. கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ரெண்டு பேரும் மெல்லிய கரிமப் படலங்களை அடுக்கி, குறைஞ்ச வோல்டேஜில் நல்லா ஒளிர வெச்சாங்க. ஆனா அதில் ஒரு அடிப்படைச் சிக்கல். படலத்துக்குள்ள எலக்ட்ரானும் ஹோலும் சேரும்போது உருவாகிற எக்ஸைட்டான்களில் 25 சதவீதம் சிங்லெட், 75 சதவீதம் ட்ரிப்லெட். சாதாரண கரிமப் பொருளில் சிங்லெட்தான் ஒளி தரும். ட்ரிப்லெட்டோட ஆற்றல் பெரும்பாலும் சூடா வீணாப் போயிடும். நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்து ஒருத்தர்கிட்ட மட்டும் வேலை வாங்கற மாதிரி.

இதை உடைச்சது உலோகம். 1998-ல் பால்டோ, ஃபாரஸ்ட், தாம்ப்சன் குழு பிளாட்டினம் சேர்மத்தை வெச்சு ட்ரிப்லெட்டிலிருந்தும் ஒளி எடுத்தாங்க. அடுத்த வருஷமே இரிடியத்தில் பச்சை வந்தது. பிளாட்டினமும் இரிடியமும் கனமான அணுக்கள். அந்த அளவு கனமான அணுக்கருவுக்குப் பக்கத்தில் எலக்ட்ரானோட ஸ்பின்னும் ஆர்பிட்டும் பலமா கலக்கும். ட்ரிப்லெட்டுக்கு இருந்த 'ஒளிரக் கூடாது'ங்கிற தடை தளர்ந்துடும். 2001-க்குள்ள உள் குவாண்டம் எஃபிஷியன்ஸி கிட்டத்தட்ட 100 சதவீதத்தைத் தொட்டுடுச்சு. உலோகம் அதே இரிடியம்தான். சுத்தி இருக்கிற லிகண்டை மாத்தினா பச்சை சிவப்பாகும், சிவப்பு நீலமாகும்.

அப்புறம் நீலத்துக்கு என்ன கேடு? 460 நானோமீட்டர் நீலத்துக்கு 2.7 எலக்ட்ரான் வோல்ட் வேணும். ட்ரிப்லெட் மைக்ரோசெகண்ட் கணக்கில் காத்திருந்துதான் ஒளிரும், சிங்லெட்டுக்கோ சில நானோசெகண்டே போதும். அந்தக் காத்திருப்பில் இன்னொரு ட்ரிப்லெட் வந்து மோதினா ரெண்டோட ஆற்றலும் ஒரே இடத்தில் சேரும். 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல. கார்பன்-நைட்ரஜன் பிணைப்பை உடைக்க அது தாராளம். மூலக்கூறே செத்துடும்.

இதனாலதான் ஃபோன்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியம் வந்த பிறகும், நீலம் மட்டும் பழைய ஃப்ளூரசன்ட் வகையிலேயே பல வருஷம் நின்னது. ஆற்றலும் வீண், ஆயுசும் கம்மி. 2025-ல் எல்ஜி டிஸ்ப்ளே, உலோக நீலத்தைத் தயாரிப்பு வரிசையிலேயே சோதிச்சுப் பார்த்ததா அறிவிச்சாங்க. ஆனா அதிலும் ரெண்டு அடுக்கில் ஒண்ணு பழைய ஃப்ளூரசன்ட் நீலம்தான். கதை இன்னும் முடியல.

"அதெல்லாம் சரி, பிளேஸ்மென்ட்டில் இதையா கேக்கப் போறாங்க?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. கோடிங் ரவுண்டுக்கு நானும் ராத்திரி பகலா உட்கார்ந்தவன்தான். ஆனா இதையும் யோசிச்சுப் பாருங்க. ஸ்ரீபெரும்புதூரில் ஃபோன் அசெம்பிள் ஆகுது. அதில் இருக்கிற ஓஎல்இடி பேனல் வெளிநாட்டிலிருந்து வருது. பேனலுக்குள்ள இருக்கிற மூலக்கூறை வடிவமைக்கிற வேலையில் நம்ம பங்கு ரொம்பக் குறைவு. ஐஐடி மெட்ராஸில் அமோலெட் ஆய்வு மையம் இருக்கு, சந்தோஷம். ஆனா அந்த ஆசை வெறும் ஒரு மையத்தோட நின்னா போதுமா?

முதல் வருஷ லேபை ஞாபகப்படுத்திப் பாருங்க. தண்ணீரோட ஹார்ட்னஸ், இடிடிஏ டைட்ரேஷன். ஒயின் சிவப்பு நீலமானதும் ரீடிங்கை எழுதிட்டு (சிலர் பக்கத்து டேபிளைப் பார்த்து எழுதிட்டு) கிளம்பினோமே! அந்த நிறம் ஏன் மாறுச்சு? உலோகத்தைப் பிடிச்சிருந்த சாயத்திடமிருந்து இடிடிஏ அதைப் பறிச்சதால. இடிடிஏவும் ஒரு லிகண்ட்தான். அங்கே நிறம் உறிஞ்சப்படும் ஒளியால வருது, டிஸ்ப்ளேயில் உமிழப்படும் ஒளியால. ஆனாலும் உலோகமும் லிகண்டும் சேர்ந்து எலக்ட்ரான் நிலைகளை மாத்தற அடிப்படை ஒண்ணுதான். அதை யாரும் எங்களுக்குச் சொல்லல. நாங்களும் கேட்கல.

என் கோரிக்கை சின்னது. அந்த லேபில் ஒரே ஒரு பரிசோதனை சேருங்க: காப்பர் அயோடைடும் பிரிடினும் சேர்ந்த சேர்மம். ஃப்யூம் ஹூடுக்குள்ள டிபார்ட்மென்ட் செஞ்சு காட்டினாலே போதும். யூவி விளக்கில் மஞ்சளா ஒளிரும், திரவ நைட்ரஜனில் முக்கினா நீலமாகும். இரிடியம் மாதிரி உலகமே வருஷத்துக்குப் பத்து டன்கூட எடுக்காத அரிய உலோகம் இதுக்குத் தேவையில்ல, செம்பு போதும். ரெண்டாவது, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீமில் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டையும் ஒரு கைடா சேர்க்க அனுமதி கொடுங்க.

ஜூனியர்ஸ், அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை டைட்ரேஷனில் நீலம் வந்ததும், ரீடிங் எழுதறதுக்கு முன்னாடி "ஏன்?"னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எங்க ரெண்டாவது ரிவியூ அடுத்த வாரம். இந்தத் தடவை அந்த மேடம் கேள்விக்குப் பதில் சொல்லிடுவோம், ஆனா அதைக் கத்துக்க எங்களுக்கு நாலாவது வருஷம் வரைக்கும் ஆகியிருக்கு.