'8' போட்டால் போதுமா? 38 குதிரை சக்தி மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்த்த நிருபர் கேட்கிறார்

ஞாயிற்றுக்கிழமை காலை 5.30 மணி. திருவான்மியூரில் ஒரு டீக்கடை. பக்கத்து தெரு வாலிபர் ஒருவர் சிவப்பு நிற மோட்டார் சைக்கிளை கொண்டு வந்து நிறுத்தினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசும் கையுமாக வண்டியை சுற்றி வந்து விட்டார்கள்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கண்ணே. அப்புறம் எழுதுங்க" என்று சாவியை நீட்டினார். கூடவே அவருடைய ஹெல்மெட்டையும், தடித்த ஜாக்கெட்டையும் கொடுத்தார்.

ஓசூர் வண்டி

வண்டியின் பெயர் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர்.310. வெளிநாட்டு சரக்கு அல்ல. நம் ஓசூரில் தயாராவது. 1980-ல் டி.வி.எஸ்.50 விட்டார்களே, பால் கேன், அரிசி மூட்டை எல்லாம் சுமந்ததே, அதே கம்பெனிதான். இந்த 310 முதலில் வந்தது 2017 டிசம்பரில். 2024 செப்டம்பரில் சக்தியை கூட்டி, முன்பக்கம் சின்ன சிறகுகள் வைத்து புது மாடல் விட்டார்கள். அப்போது ஷோரூம் விலை ரூ.2 லட்சத்து 75 ஆயிரம்.

312 சி.சி. என்ஜின். 38 குதிரை சக்தி. நான் தினமும் ஆபீசுக்கும், போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஓட்டுகிற 100 சி.சி. வண்டியில் இருப்பது சுமார் 8 குதிரைதான். கிட்டத்தட்ட 5 வண்டியின் பலம் ஒரே வண்டியில்!

குனிந்து உட்கார்ந்தால்...

ஏறி உட்கார்ந்ததும் உடம்பு தானாக முன்னே சாய்கிறது. கைப்பிடி தாழ்ந்து இருக்கிறது. கால் பின்னால் மடங்குகிறது. எதிரே சின்ன டி.வி. மாதிரி ஒரு திரை. மழை, ஊர், ஸ்போர்ட், டிராக் என்று நாலு வகை ஓட்டம். மழைக்கும் ஊருக்கும் வைத்தால் சக்தியை வண்டியே அடக்கி வைத்துக் கொள்கிறது.

"முதல்ல ஊர்லயே வச்சு ஓட்டுங்கண்ணே" என்றார் வாலிபர். அப்படியே கிளம்பினேன். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது. 174 கிலோ எடை என்று சொன்னால் நம்ப முடியவில்லை. கிழக்கு கடற்கரை சாலையில் நீலாங்கரை வரை சாது.

உத்தண்டி தாண்டியதும் ரோடு காலி. ஆசை யாரை விட்டது? வண்டியை நிறுத்தி ஸ்போர்ட்டுக்கு மாற்றினேன். ஆக்சிலேட்டரை லேசாக திருகினேன். அவ்வளவுதான். சத்தம் மாறியது. நெஞ்சை யாரோ பிடித்து தள்ளியது போல் இருந்தது. இந்த வண்டி 3 வினாடிக்குள் 60 கி.மீ. வேகத்தை தொடும் என்கிறது கம்பெனி. தொடுகிறது!

திரையை பார்த்தேன். 92 கி.மீ.! சென்னைக்குள் டூவீலருக்கு 50 கி.மீ. தான் என்று 2023 நவம்பரில் போலீசார் விதித்ததை செய்தியாக எழுதியவனே நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளதை சொல்கிறேன், 92 மாதிரியே தெரியவில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

குறுக்கே வந்த கூடை

வேகத்தை குறைக்க நினைத்த அதே நேரம், நடுத்தடுப்பின் இடைவெளியில் இருந்து மீன் கூடையுடன் ஒரு அம்மா ரோட்டில் இறங்கி விட்டார். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினேன். ஏ.பி.எஸ். இருந்ததால் சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. விரலுக்கு கீழே கடகடவென்று அதிர்ந்தது. வண்டி நேராக நின்றது. அந்த அம்மா என்னை பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

92 கி.மீ. வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 25 மீட்டர். பார்த்து, பயந்து, பிரேக்கில் விரல் வைப்பதற்குள்ளேயே இரண்டு பஸ் நீளம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடுகிற தூரம் நாலு மடங்கு. என் 100 சி.சி. வண்டியில் 10 வருஷம் ஓட்டிய பழக்கம் அங்கே ஒத்தைப் பைசாவுக்கு உதவவில்லை. காப்பாற்றியது வண்டிதான், நான் அல்ல.

அதே லைசென்ஸ்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் லைசென்ஸ் 100 சி.சி. வண்டியில் '8' போட்டு வாங்கியது. 38 குதிரைக்கும் அதுவே செல்லும். 200 குதிரை வண்டிக்கும் அதுவே செல்லும். 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்று ஒரே வார்த்தையில் சட்டம் முடித்து விட்டது.

ஐரோப்பிய நாடுகளில் அப்படி இல்லை. 16 வயதில் 125 சி.சி. வரை. 18 வயதில் இந்த 310 மாதிரி நடுத்தர வண்டி, அதற்கு தனி டெஸ்ட். அதில் 2 வருஷம் ஓட்டிய பிறகுதான் பெரிய வண்டி. படிப்படியாக ஏற விடுகிறார்கள். நாம் முதல் படியில் இருந்து மொட்டை மாடிக்கு தாவ விடுகிறோம்.

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் பலியானவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் 100-க்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 17 ஆயிரத்து 884 பேர் பலி. இது மத்திய அரசு கணக்கு.

என் கணக்கு வேறு. சில மாதங்களுக்கு முன் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தேன். நொறுங்கிய ஸ்போர்ட்ஸ் பைக்கின் துண்டுகளை கோணிப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். கையெழுத்து போட வந்த தகப்பனார் ஏட்டய்யாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இன்னும் 22 தவணை பாக்கி இருக்கு சார். அதை யார் கட்டணும்?" ஏட்டய்யா தலையை குனிந்து கொண்டார்.

என்ன செய்யலாம்?

வண்டியை தடை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல வண்டி. நம் ஊர் பிள்ளைகள் செய்தது. பெருமைதான். ஆனால் இன்ன சக்திக்கு மேல் என்றால் தனி டெஸ்ட் வேண்டும். அந்த டெஸ்டில் '8' மட்டும் போதாது, வேகத்தில் பிரேக் பிடித்து காட்ட வேண்டும். விற்கிற கடைக்காரர்கள் சாவி கொடுக்கும் முன் ஒரு நாள் பயிற்சி கொடுக்க வேண்டும்.

வேகம் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தய மைதானம் இருக்கிறது. 1990 முதல் ஓடுகிறது. அங்கே மீன் கூடை குறுக்கே வராது. ரோட்டில் பந்தயம் விட்டால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

18 வயது ஆகாத பிள்ளைக்கு சாவி கொடுக்கும் பெற்றோரும் கேட்டுக்கொள்ளட்டும். 2019 சட்ட திருத்தப்படி உங்களுக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம்.

திரும்பி வந்து சாவியை கொடுத்தேன். "எப்படிண்ணே இருந்துச்சு?" என்றார் வாலிபர்.

"வண்டி பிரமாதம் தம்பி. எனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.