கோட்டையும் ஆமையும் ஒரே நாளில் அடங்குமா?

புனேயிலிருந்து ஏறக்குறைய 200 கி.மீ. தொலைவில், ரத்னகிரி மாவட்டத்தின் ஹர்ணை துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் நிற்கிறது சுவர்ணதுர்க் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் அதுவும் ஒன்று. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சிக்கோட்டை மட்டும்தான். சுவர்ணதுர்க்குக்குச் சற்று வடக்கே, ஒரு கழிமுகத்தைத் தாண்டினால் ஆஞ்சர்லே என்ற சிற்றூர். அதன் மணலில் ஒவ்வொரு குளிர்காலமும் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. இன்னும் வடக்கே போனால் வேளாஸ். அங்கேயும் ஆமைகள் வருகின்றன, பக்கத்திலேயே பாங்கோட் கோட்டையும் இருக்கிறது.

பழைய மதிலும் கடலாமையும் இவ்வளவு அருகருகே கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகமில்லை. மெக்சிகோவில் ஒன்று உண்டு. மாயா மக்கள் கட்டிய துலும் நகரத்தைக் காலையில் பார்த்துவிட்டு, சுமார் 25 கி.மீ. தள்ளி அகுமால் விரிகுடாவில் பேராமைகளோடு நீந்திவிட்டு, இருட்டும் முன் விடுதிக்குத் திரும்பலாம் என்று அங்கே சுற்றுலா நிறுவனங்கள் கூவி விற்கின்றன. அதே சரக்கு இப்போது கொங்கண் கரைக்கும் வந்துகொண்டிருக்கிறது. பிப்ரவரி தொடங்கிவிட்டால் போதும், புனேயிலிருந்து தாம்ஹிணி கணவாய் வழியாக மாண்காவ், மண்டண்கட் நோக்கி சனிக்கிழமை விடியலில் கார்களும் வேன்களும் வரிசையாக இறங்குகின்றன. மதியம் கோட்டை, மாலை ஆமைக்குஞ்சு, நள்ளிரவில் வீடு.

இந்த ஒருநாள் கணக்கு தப்பானது. நேரம் போதாது என்பதல்ல இங்கே சொல்ல வருவது. ஒரே நாளில் வந்து போகிறவர்கள் கோட்டைக்கும் ஆமைக்கும் நடுவே இருக்கிற ஊரைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த ஊர்தான் இரண்டையும் காத்து வைத்திருக்கிறது.

வேளாஸின் கதையை எடுத்துக்கொள்ளலாம். ஆமை முட்டையைத் தோண்டி எடுப்பது ஒரு காலத்தில் அந்தக் கரையில் சாதாரணம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்திருந்தாலும், மணல் திட்டில் சட்டப் புத்தகத்தை யார் திறந்து பார்த்தார்கள்? சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ர என்ற அமைப்பு, பாவு காட்தரேயின் முயற்சியில், 2002-இல் வேளாஸில் முட்டைகளைக் காக்கும் வேலையைத் தொடங்கியது. ஊர் இளைஞர்கள் விடியற்காலையில் கரை நெடுக நடந்தார்கள். ஆமை ஏறி இறங்கிய தடத்தைப் பார்த்து முட்டைக்குழியைக் கண்டுபிடித்தார்கள். நாயும் நரியும் மனிதரும் தொடாதபடி, முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றினார்கள்.

வெறும் நல்லெண்ணத்தில் ஒரு வேலை எத்தனை வருஷம் ஓடும்? அதற்கு விடையாக 2006-இல் 'காசவ் மஹோத்ஸவ்' என்ற ஆமைத் திருவிழா தொடங்கியது. குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்க வருகிறவர்கள் ஊர் வீடுகளில் தங்கலாம். திண்ணையில் பாய் விரித்துப் படுக்கலாம். அந்த வீட்டுப் பெண்கள் சமைக்கும் பாக்ரியும் ஆம்ட்டியும் சோல்கடியும்தான் சாப்பாடு. வாய்ப்பிருந்தால் ஆவியில் வெந்த மோதகம் கிடைக்கும். விருந்தினர் தரும் பணம் நேரே அந்த வீட்டுக்குப் போகிறது. உயிரோடு கடலுக்குப் போகிற ஆமை, தோண்டி எடுத்த முட்டையைவிடப் பலமடங்கு வருமானம் தரும் என்று ஊர் கண்ணால் கண்டுகொண்டது. இந்தியாவில் காட்டுயிர்ச் சுற்றுலா என்ற பெயரில் நடப்பவற்றில் இத்தனை நேர்மையான ஏற்பாடு அரிது.

பொரிப்பகத்தின் வேலை பொறுமையைக் கேட்பது. ஒரு குழியில் நூறு முட்டை வரை இருக்கும், சில சமயம் அதற்கு மேலும். ஆமை தோண்டிய அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் புதுக்குழி தோண்டி முட்டைகளை வைக்க வேண்டும். மணலின் சூட்டைப் பொறுத்து 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் பொரிக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது. மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் கூடும். நாள் நெருங்கியதும் குழிமேல் கூடையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். காலையும் மாலையும் கூடையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். குஞ்சு இருந்தால் கடலுக்குச் சற்று முன்னால் மணலில் விடுகிறார்கள். தன் காலால் நடந்தேதான் அது அலைக்குப் போக வேண்டும், யாரும் கையில் எடுத்துக்கொண்டு போய் விடக்கூடாது. ஆயிரத்தில் ஒன்று பிழைத்து வளர்ந்தாலே பெரிது என்பது ஆமை ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

கூடைக்குள் அன்று குஞ்சே இல்லாமலும் போகலாம்.

ஒருநாள் பயணம் முட்டிக்கொள்வது இங்கேதான். நாலு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் வண்டி ஓட்டி வந்தவருக்கு மாலை ஆறு மணிக்கு வெறுங்கூடையைக் காட்டினால் கோபம் வருகிறது. குஞ்சு இருக்கும் நாளில் கூட்டம் கயிற்றைத் தாண்டி நெருக்குகிறது, செல்போன் வெளிச்சம் பாய்கிறது. இருட்டில் கடலின் மங்கிய ஒளியை நோக்கிப் போகும்படி பிறந்த உயிர், வேறு வெளிச்சத்தைக் கண்டால் திசை மாறி ஊருக்குள் ஊர்ந்துவிடும். இரண்டு நாள் தங்குகிறவருக்கு இந்த அவசரம் இல்லை. மாலையில் இல்லாவிட்டால் மறுநாள் காலை. அதுவும் இல்லாவிட்டால், ஆஞ்சர்லே குன்றின் மேலிருக்கும் கட்யாவர்ச்சா கணபதி கோயிலுக்குப் போகலாம். ஹர்ணை கடற்கரையில் மாலையில் நடக்கும் மீன் ஏலத்தைப் பார்க்கலாம்.

கோட்டைக்கும் இதே நியாயம்தான். சுவர்ணதுர்க்கை அரை மணி நேரத்தில் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு அது இடிந்த மதிலும் புதரும்தான். ஆனால் புனேக்காரர்களுக்கு அதில் சொந்தக் கதை இருக்கிறது. கடற்படைத் தளபதி கான்ஹோஜி ஆங்கரே காலத்தில் மராட்டியக் கடற்படையின் முக்கியத் தளமாக இருந்த இந்தக் கோட்டை, 1755 ஏப்ரலில் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வில்லியம் ஜேம்ஸின் பீரங்கிக்கு விழுந்தது. அப்போது ஆங்கிலேயரோடு கைகோத்து நின்றவர், புனேயில் சனிவார் வாடா மாளிகையிலிருந்து ஆண்ட பேஷ்வா நானாசாகேப். கான்ஹோஜியின் மகன் துளாஜி ஆங்கரேயை அடக்குவதற்காக, மராட்டியர் தங்கள் கடற்படையின் முதுகெலும்பைத் தாங்களே முறித்துக்கொண்டார்கள் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். தொடர்ந்து பாங்கோட்டும் ஆங்கிலேயர் கைக்குப் போய் விக்டோரியா கோட்டை ஆனது. ஜேம்ஸ் இறந்த பிறகு அவருடைய மனைவி 1784-இல் லண்டனில் ஒரு நினைவுக் கோபுரம் எழுப்பினார். 'செவர்ன்ட்ரூக் காசில்' என்ற பெயரில் அது இன்றும் நிற்கிறது. கொங்கண் கோட்டையின் பெயர் ஆங்கில நாக்கில் அப்படி உருமாறிக் கிடக்கிறது.

பேஷ்வா குடும்பத்தின் பூர்வீகம் இதே கரையிலுள்ள ஸ்ரீவர்தன். பேஷ்வா ஆட்சியின் மதியூகி நானா பட்னவிஸின் பூர்வீகம் நம் ஆமை ஊரான வேளாஸேதான். புனேயின் பழைய வாடாக்களில் இருந்து ஆண்டவர்கள் கொங்கணின் கழிமுகக் கிராமங்களிலிருந்து மலையேறி வந்தவர்கள். இன்று வார இறுதியில் அங்கே இறங்கிப் போகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஹர்ணையில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் வேண்டும். படகோட்டிகளின் பிள்ளைகளே அதற்குப் பொருத்தமானவர்கள்.

கொங்கணில் ஆமையோடு நீந்த முடியுமா என்றும் கேட்கிறார்கள். ஹர்ணை பக்கம் கழிமுகச் சேற்றால் கடல் கலங்கலாக இருக்கும், அங்கே முகமூடி போட்டு முங்கிப் பயனில்லை. ஸ்நார்க்கலிங் நடப்பது தெற்கே மால்வணில், சிவாஜி 1664-இல் கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டையைச் சுற்றியுள்ள பாறைகளில். 1987-இல் அந்தப் பகுதியில் சுமார் 29 சதுர கி.மீ. கடல்வாழ் உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பிழைப்பு போய்விடும் என்று மீனவர்கள் அதை நெடுங்காலம் எதிர்த்தார்கள். அறிவிப்பு மட்டும் இருந்தது, ஊரின் சம்மதம் இல்லை. விளைவு, மீன்களைக் கூட்டிப் படம் எடுக்க ரொட்டித்துண்டு போடுவதும், நீந்தத் தெரியாதவர்கள் பவளப்பாறையின் மேல் காலூன்றி நிற்பதும் அங்கே வழக்கமாகிவிட்டது. வேளாஸில் சரணாலயப் பலகை எதுவும் இல்லாமலே நடந்த பாதுகாப்பு, மால்வணில் பலகை இருந்தும் நடக்கவில்லை.

அகுமால் இதில் ஒரு பாடம். கடற்புல் மேய வரும் பேராமைகளைத் துரத்தித் துரத்தி நீந்தும் கூட்டம் அந்தச் சிறு விரிகுடாவில் ஆண்டுதோறும் பெருகியது. மெக்சிகோ அரசு 2016-இல் அதைப் பாதுகாப்புப் புகலிடமாக அறிவித்தது. அதன் பிறகுதான் வழிகாட்டியோடு சிறு குழுவாக, லைஃப் ஜாக்கெட் போட்டு, ஒதுக்கிய வழியில் மட்டுமே நீந்தலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. கூட்டம் வந்து, பிழைப்பு அதிலேயே ஊன்றி, சண்டை முற்றிய பிறகு வரம்பு போட்டார்கள். கொங்கணுக்கு இன்னும் காலம் இருக்கிறது. யுனெஸ்கோ முத்திரை விழுந்த பிறகு வரப்போகும் கூட்டம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கழிமுகங்களின் மேல் பாலம் கட்டிக் கரையோர நெடுஞ்சாலையை இணைக்கும் ரேவஸ்–ரெட்டி திட்டம் முடிந்தால், வேஸ்வி–பாக்மாண்ட்லா துறையில் காரை ஜங்காரில் ஏற்றிக் கடக்கும் காத்திருப்பும் போய்விடும். பாலம் வேண்டாம் என்று சொல்லும்படி எந்தக் கிராமத்தவரையும் கேட்க முடியாது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிறவர்களுக்கு அது தேவை. பாலம் திறக்கும் முன்பே கரைக்கு விதி வர வேண்டும் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இதில் என்ன என்று யாராவது கேட்டால், அந்த ஆமைகளின் பயணமே பதில். 2023 பிப்ரவரியில் கொங்கணின் குஹாகர் கரையில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட 'பாகேஸ்ரீ' என்ற ஆமை, தெற்கே நீந்தி இலங்கையைச் சுற்றி வங்கக்கடலுக்குள் போனது. எதிர்த்திசையில் இன்னொன்று. 2021-இல் ஒடிசாக் கரையில் எண் பட்டை மாட்டிய ஓர் ஆமை, 2025 ஜனவரியில் அதே குஹாகரில் ஏறி முட்டையிட்டது. கிழக்குக் கரை ஆமை வேறு, மேற்குக் கரை ஆமை வேறு என்ற எண்ணத்தையே அது அசைத்துவிட்டது. இரண்டும் நம் தென்கடலைத் தொட்டுத்தான் கடந்திருக்க வேண்டும். அதே 2025 ஜனவரியில்தான் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. வலைக்குள் மாட்டி மூச்சுமுட்டிச் சாகும் ஆமைக்கு மாநில எல்லை தெரியாது. மகாராஷ்டிர அரசு 2018 முதல், ஆமை போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர்களை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறது. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவு நடை நடந்து முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அந்த உழைப்போடு மீனவரின் வலைக்கு விலை தரும் இந்த ஏற்பாடும் சேர வேண்டும்.

அடுத்த பிப்ரவரிக்குள் ரத்னகிரி மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆஞ்சர்லே, வேளாஸ் மணலில் கார், ஜீப், நாலுசக்கர பைக் எதுவும் இறங்கக்கூடாது. டயர் ஏறி இறுகிய மணலைக் கிழித்துக் குஞ்சு வெளியே வராது. குஞ்சு விடும் வேளையில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதைப் பஞ்சாயத்து முடிவு செய்து, ஊரில் தங்குகிறவருக்கு முதலிடம் தர வேண்டும். ஹர்ணையிலிருந்து கோட்டைக்குப் போகும் படகுகளில் கட்டணம் எழுதி ஒட்டப்பட வேண்டும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் இருக்க வேண்டும். கரையை நோக்கி எரியும் விடுதி விளக்குகளுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மறைப்பு வேண்டும்.

புனேயிலிருந்து கிளம்புகிறவர்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். முதலில் ஊருக்கு ஒரு போன் போட்டு, எந்தக் குழி எப்போது பொரிக்கும் என்று கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.