திரையில் வராத கடல்

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுற்றிலும் பவளப்பாறைகள், அவற்றினூடே கோமாளி மீன்கள். ஆனால் அந்த மீனைக் கண்டால் கரையோரப் பிள்ளைகளும் ‘நீமோ’ என்றுதான் கத்துவார்கள். 2003-இல் வந்த படத்தின் நீமோவுக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அடுத்தவர் கடலை ரசிப்பதில் தப்பில்லை. சொந்தக் கடல் திரையில் அரிதாகிப் போனதுதான் குறை.

உள்நாட்டுத் தயாரிப்புகளும் கடற்கரைப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. ஹைதராபாத் கிரீன் கோல்டு நிறுவனத்தின் ‘சோட்டா பீம்’ 2008 முதல் ஓடுகிறது. டோலக்பூரில் ராஜா உண்டு, மல்யுத்தம் உண்டு, லட்டு உண்டு. நல்லவன் பீம் சிவப்பு, சுட்கிக்குக் கன்னத்தில் ரோஸ், வம்புக்கார காலியா மட்டும் நிறம் மங்கல். இதைக் குழந்தைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை; அதுவாகவே படிந்துவிடும்.

குரலிலும் இதே கதைதான். 2019-இல் ‘லயன் கிங்’ தமிழில் வந்தபோது சிம்பாவுக்குச் சித்தார்த் பேசினார். டிமோனுக்குச் சிங்கம்புலியும் பும்பாவுக்கு ரோபோ சங்கரும் உள்ளூர்ப் பேச்சால் கலகலப்பூட்டினார்கள். தியேட்டர் சிரித்தது, உண்மைதான். ஆனால் கதாநாயகனுக்குப் பொதுத்தமிழ், சிரிப்புக்கு ஊர்த்தமிழ் என்ற பாகப்பிரிவினை நம் டப்பிங்கில் ஊறிப்போன ஒன்று. ஹாலிவுட்டும் இதைச் செய்தது. 1992-இன் ‘அலாவுதீன்’ படத்தில் நாயகனும் நாயகியும் அமெரிக்க ஆங்கிலம் பேச, காவலர்களும் கடைக்காரர்களும் அரபு நெடியில் பேசினார்கள். அரபு அமெரிக்கர்கள் எதிர்த்த பிறகு, 1993-இல் வந்த வீடியோவில் காதை வெட்டுவதைப் பற்றிய பாடல் வரி மாற்றப்பட்டது.

2016-இன் ‘மோவானா’வுக்கு டிஸ்னி பசிபிக் தீவுகளின் அறிஞர்களையும் கலைஞர்களையும் கொண்ட ஆலோசனைக் குழுவை வைத்தது. மொட்டைத் தலையாக வரையப்பட்ட அரைத்தெய்வ நாயகன் மாவிக்கு முடி முளைத்தது அவர்கள் சொல்லித்தான். கோபத்தில் மோவானா தேங்காயை வீசும் காட்சியும் போனது. அப்படியும் பிழை நேர்ந்தது: பச்சை குத்திய பழுப்புத் தோலையே உடையாக்கி, மாவி வேடம் என்று கடைக்கு அனுப்பினார்கள், கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அடுத்த ஆண்டே மாவோரி மொழியில் படம் தயாராகி, நியூசிலாந்தில் இலவசமாகத் திரையிடப்பட்டது.

நம் கடலுக்கு வருவோம். கொற்கையில் கதைக்கா பஞ்சம்? சங்ககாலப் பாண்டியரின் துறைமுகம். தாமிரபரணி கொட்டிய வண்டலால் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லைத் துணையாகக்கொண்டு, மூச்சடக்கி இறங்கினார்கள். மேலே கயிற்றைப் பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது முத்துக்குளித்துறைப் பேச்சு. தங்கை தாலியை நினைத்தாவது விடமாட்டானாம். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கிடைத்ததாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். நாயகி வேண்டுமென்றால் இன்றும் உண்டு: பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் லட்சுமி 2015-இல் தீவுச் சூழல் காப்புக்கான சீகாலஜி விருது பெற்றவர்.

யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல். பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கம் தழுவிய பரதவர் ஊர் தூத்துக்குடி. பனிமய மாதா தேர் இழுக்கும் ஊர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் முஸ்லிம்கள் இதே கடலை நம்பி வாழ்ந்தவர்கள். ஏசி அறையில் உட்கார்ந்து வரைந்தால் முத்துக்குளிப்பவர் வீட்டுப் பெண், பர்னாந்து என்ற குடும்பப் பெயரைத் தொலைத்துவிட்டு, எந்த ஊர் என்றே தெரியாத பாவாடை தாவணிப் பொம்மையாக வந்து நிற்பாள்.

ஹாலிவுட் அனிமேஷன் படங்களுக்கு பெங்களூரில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், கைத்திறனுக்குக் குறைவில்லை. முதல் படம் வரையும் முன்பே சங்கு குளிப்பவரையும் பாசி எடுக்கும் பெண்ணையும் சம்பளம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். குரலுக்குச் சென்னை நட்சத்திரத்தைத் தேடாமல் தூத்துக்குடித் திரேஸ்புரத்துப் பிள்ளைகளை மைக் முன்னால் நிறுத்த வேண்டும், அதுவும் கதாநாயகி வேடத்துக்கு.