எனக்கு எந்த ஊர்?

"தமிழ்நாட்டில் எந்த ஊர், தோழரே?" என்று மன்றத்தில் கேட்கும்போதெல்லாம் திகைக்கிறேன். பிறந்தது, இன்று ஸ்ரீ விஜயபுரமாகிவிட்ட போர்ட் பிளேரின் லம்பா லைனில். அதற்கு முன்?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பதிவேட்டு நகலில் பாட்டனார் பெயர் 'செல்லன்', ஊர் துறையூர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியபோது பெற்ற குடும்ப அட்டையிலோ 'செல்லையா', ஊர் முசிறி! கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய எங்களின் மற்றத் தாள்களை 2004 ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று.

"அட்டைதான் மெய்" என்கிறார் தந்தையார். ஏடும் மனிதன் எழுதியதே. யாரைக் கேட்டு எழுதினான் என்று பார்க்க வேண்டாமா?

பாட்டியைக் கேட்டேன். "துறையூர் கங்காணியோட ஊருய்யா. அவர் கூட்டிப்போன அத்தனை பேருக்கும் அதையே எழுதிட்டாங்க" என்றார். ஊரில் அட்டை வென்றது. பெயரோ, பெற்றோர் இட்டது செல்லன்தானாம். அட்டை எழுதும் நாளில், "ஐயா சேர்த்து எழுதுங்க" என்று பாட்டனாரே கேட்டு வாங்கினாராம். தோட்டத்தில் எவரும் தராத 'ஐயா'!

அதைப் பிழையென்று அடிக்க எனக்குக் கை வரவில்லை. வம்சாவளியில் இரு பெயரையும், எழுதியவர் யார் என்பதோடு குறித்துவிட்டேன். தந்தையாருக்கு வருத்தந்தான்.

முசிறியருகே எந்தச் சிற்றூர் என்பது பாட்டிக்கும் மறந்துவிட்டது. அப்பக்கத்துத் தோழர் எவரேனும் இங்கு உளரோ?