கம்பத்தில் அதிகாலை இட்லி

கம்பத்துக்குச் சாப்பிடப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் ராத்திரி பரோட்டாதான். என் ஓட்டு அதிகாலைக்கு.

நாலு, நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கமோ, கம்பம்மெட்டு ரோட்டுப் பக்கமோ வந்து நில்லுங்கள். கடைத்தெருவெல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடக்கும். டீக்கடை பாய்லர் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் பெயர்ப் பலகைகூட இல்லாத இட்லிக் கடை. ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, ஆவி பறக்கும் கொப்பரை. கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஒவ்வொன்றாக வந்து நிற்க, தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாகப் பெண்கள் வருவார்கள். "அக்கா, நாலு இட்லி, சட்னி கெட்டியா வைங்க" என்ற குரல் நாலு திசையிலிருந்தும் கேட்கும்.

அந்த இட்லி, ஹோட்டல் இட்லி மாதிரி பஞ்சாக இருக்காது. கொஞ்சம் கனமாக இருக்கும். மதியம் வரை தாங்க வேண்டுமே! தக்காளிச் சட்னியில் காரம் தூக்கலாக இருக்கும். மலை ஏறி, குளிரில் ஈரச் செடிகளுக்கு நடுவே குனிந்து காய் எடுக்கப் போகிறவர்களுக்காக அரைத்த சட்னி அது. எட்டு மணிக்கு எழுந்து வருகிற நமக்காகச் செய்ததல்ல. ஆறு மணிக்கு மேல் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். போகிறவர்கள் கையோடு ஒரு டிபன் பாக்ஸ் கொண்டுபோங்கள். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும், சுடச்சுட சாம்பாரை கேரிபேக்கில் ஊற்றிக் கட்டுவது இன்னும் பல இடங்களில் நிற்கவில்லை.

ஒரு வேடிக்கை. ஏலக்காய் வியாபாரத்துக்குப் பெயர்போன போடி இங்கிருந்து கூப்பிடு தூரம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிற ஊர். ஆனால், இந்த டீக்கடைகளில் டீயில் தட்டிப் போடுவது இஞ்சியைத்தான். 2019-ல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காயை, அதைப் பறிக்கிறவர் குடிக்கிற கிளாஸில் யார் போடுவார்கள்?

கம்பத்தின் சாப்பாடு இவ்வளவு விதமாக இருப்பதற்குக் காரணம், ஊர் அப்படி. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், அப்பாவை 'அத்தா' என்று கூப்பிடும் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள், கேரளத்திலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் டீ குடிக்கிற ஊர். நடுப்பகலில் ராவுத்தர் கடைகளில் மட்டன் பிரியாணி. ரம்ஜான் மாதம் வந்தால், சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் பாத்திரத்தோடு நிற்கிற கூட்டத்தில் நெற்றியில் விபூதி பூசியவர்களையும் பார்க்கலாம். நோன்புக் கஞ்சி எல்லார் வீட்டுக்கும் போகும். குமுளி ரோட்டில் கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் நெருங்க நெருங்க புட்டும் கடலைக்கறியும், பழம்பொரியும் கட்டன் சாயாவும் கண்ணாடி அலமாரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மரவள்ளிக்கிழங்கை மசித்து, பக்கத்தில் மாட்டுக்கறி வறுவலை வைத்துத் தருகிற கடைகளும் உண்டு. மழைநாளில் மலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அதுதான் சரி.

இந்தப் பெஞ்சுகள் காலியாகிக் கிடந்த நாட்களும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை கொதித்தபோது குமுளி வழி அடைபட்டது. தோட்டங்களில் இருந்த நம் ஊர்க்காரர்கள் காட்டுப் பாதைகளில் இறங்கி ஓடிவந்தார்கள். இந்தப் பக்கம், மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. தண்ணீருக்காகப் போராட இந்தப் பள்ளத்தாக்குக்கு முழு நியாயமும் உண்டு; 1895-ல் அணை வந்த பிறகுதானே இங்கே இருபோகம் நெல் என்ற பேச்சே தைரியமாக எழுந்தது. ஆனால், நமக்குப் புட்டு அவித்துப் போட்டவர் கடையில் கல் விழுந்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. 2020-ல் கொரோனா வந்து மறுபடியும் எல்லை மூடியபோது, ஜீப் இல்லை; ஜீப் இல்லாததால் இட்லியும் இல்லை.

இப்போது வேறொரு மாற்றம், சத்தமில்லாமல் நடக்கிறது. இடுக்கித் தோட்டங்களில் ஜார்கண்ட், அசாம் மாதிரி தூரத்து மாநிலங்களிலிருந்து வந்து அங்கேயே தங்கி வேலை பார்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். இங்கே, ஜீப் ஏறும் அம்மாக்களின் பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். அந்த ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலைவளைவுகளில் போவது யாரும் ஆசைப்படுகிற பயணமல்ல. ஆனால், ஜீப்புகள் குறையக் குறைய இரண்டு மணிக்கே எழுந்து மாவு ஊற்றுகிற அந்தக் கைகளுக்கு என்ன வேலை? ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள் பன் பரோட்டாக் கடை வாசலில் வரிசை கட்டுகிறார்கள். நாலு மணிக் கடைக்குக் கேமரா வருவதில்லை. வெளிச்சம் போதாது போலிருக்கிறது.

தேனியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நேரு சிலையைச் சுற்றி எல்லா ஊர் ஹோட்டல்களும் இருக்கின்றன. எல்லா ஊரிலும் கிடைப்பதுதான் அங்கேயும் கிடைக்கும். போடிக்கு 2023 ஜூனில் ரயில் திரும்பவும் வந்துவிட்டது. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டி நின்றபோது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், இப்போது கல்லூரி போகிற வயதில் அகலப் பாதையில் ஏறுகிறார்கள். மதுரைக்காரர்களே, சாப்பிட வர இனி சாக்குச் சொல்ல முடியாது.

கடைசியாக, குடிப்பதற்கு ஒன்று. சுருளிப்பட்டிப் பக்கம் போனால் ரோட்டோரமே பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். தோல் மெல்லிசு, அதனால் தூரப் பயணம் ஆகாது. விதை உண்டு, அதனால் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. சர்க்கரை, ஐஸ் போட்டு மிக்ஸியில் அடித்துத் தருகிற ஜூஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தோட்டத்து வாசலில் விற்கிறவரிடம் ஒரு கிலோ வாங்குங்கள். நன்றாகக் கழுவி, ஒரு சட்டியில் போட்டுக் கையாலேயே பிசைந்து, துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பு மட்டும் சேர்த்துக் குடியுங்கள். அன்றைக்கே குடித்துவிட வேண்டும். மறுநாள் வரை வைத்தால் புளித்துவிடும்.