பெயரில்லாத பெருங்கூட்டம்

நெய்தல் திணைப் பாடல்களை வாசித்திருப்பவர்களுக்கு இறாவும் அலவனும் புதியவை அல்ல. நாரைக்கு இரையாகும் இறா, ஈர மணலில் வரைந்துவிட்டு வளைக்குள் ஒளியும் அலவன் என்று, கண்ணுக்குத் தெரிந்த ஓட்டுடலிகளை நம் புலவர்கள் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவற்றை அவர்கள் பாடவில்லை என்று குறைப்பட இயலாது. அவர்களிடம் உருப்பெருக்கி இல்லை. நம்மிடம் இருக்கிறது. சென்னைக் கடலின் ஒரு வாளி நீரில் என்னென்ன நீந்துகின்றன என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக எண்ணி வருகிறார்கள். எண்ணியவர்களுள் தமிழர் பலர். எண்ணிய நிறுவனங்கள் பல தமிழ்நாட்டில் உள்ளவை. செலவானது பெரும்பாலும் நம் வரிப்பணம். எனினும் அந்தக் கணக்கு தமிழுக்கு வந்து சேரவில்லை. இதை மொழிப்பற்றின் பாற்பட்ட வருத்தம் என்று மட்டும் வாசகர்கள் கொள்ளக் கூடாது. எண்ணூரில் எண்ணெய் கொட்டினால் அழிந்தது என்ன என்று கேட்கும் உரிமையோடு தொடர்புடைய செய்தி இது.

முதலில் இந்த உயிர்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவோம். இறால், நண்டு ஆகியவற்றின் பெருங்குடும்பத்தை ஓட்டுடலிகள் என்கிறோம். சந்தைக்கு வருபவை அக்குடும்பத்தின் பெரிய உறுப்பினர்கள் மட்டுமே. எண்ணிக்கையில் அவற்றை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் சிறியவை நீரில் மிதந்து திரிகின்றன. அவற்றுள் முதன்மையானது கோபிபாட். கிரேக்க மொழியில் துடுப்புக் கால் என்று பொருள். துடுப்புக்காலி என்று நாம் அழைக்கலாம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கு முன்னும் பின்னுமான நீளம் உடையவை. அரிசிக் குருணையின் வடிவம், தலையில் இரண்டு நீண்ட உணர்கொம்புகள், ஒற்றைக் கண். பல இனங்களின் பெண்கள் வாலருகே முட்டைப்பைகளைச் சுமந்து திரியும். உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. கடற்கரை நீரில் நுண்ணிய வலையை இழுத்தால் சிக்கும் விலங்கு மிதவை உயிரிகளில் பாதிக்கு மேல் பெரும்பாலும் இவையே. இவை தவிரக் கடற்பாசிகளிலும் மணலிலும் வாழும் ஆம்பிபாடுகள், சதுப்பு மரங்களைத் துளைப்பவையும் மீனின் வாய்க்குள் ஒட்டிக்கொள்பவையுமான ஐசோபாடுகள் என்று பட்டியல் நீளும்.

வெப்ப மண்டலக் கடலுக்கென்று ஓர் இயல்பு உண்டு. குளிர்ந்த வட அட்லாண்டிக்கில் கலானஸ் போன்ற ஓரிரு இனங்கள் வசந்தத்தில் பெருகிக் கடலையே நிறைத்துவிடும். நம் கடலில் அப்படி இல்லை. இங்கே இனங்கள் பல, உருவம் சிறிது, இனப்பெருக்கம் ஆண்டு முழுவதும். அகார்ஷியா, பாராகலானஸ், ஒயிதோனா, யூடெர்பினா என்று நம் கரையோரத்தில் அடிக்கடி எண்ணப்படும் பெயர்கள் பல. வெதுவெதுப்பான நீரில் முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை செல்ல இவற்றுள் பலவற்றுக்கு இரண்டு வாரங்களே போதும். ஆகவே இங்கு ஒரு மாதம் என்பது இரண்டு தலைமுறை. ஒரு மாதம் எண்ணத் தவறினால் இரண்டு தலைமுறைகளின் வரலாறு எழுதப்படாமல் போகிறது.

எங்கே எவை, எப்போது எவை என்ற பரவலும் அவ்வளவு எளிதானதன்று. சென்னைக் கரையை ஒட்டிய நீரோட்டம் ஆண்டுக்குள் திசை மாறும். பிப்ரவரி முதல் மே வரை அது வடக்கு நோக்கி ஓடுகிறது; நீரில் உப்பு மிகுந்திருக்கிறது. நவம்பரை ஒட்டித் தெற்கு நோக்கித் திரும்பி, வங்கக் கடலின் வடபகுதியில் பேராறுகள் கொட்டிய உப்புக் குறைந்த நீரைக் கொண்டு வருகிறது. அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நம் முகத்துவாரங்களை நன்னீரால் நிரப்புகிறது. கடலில் வாழ்பவை கழிமுகத்தைவிட்டு வெளியேற, குறைந்த உப்பைத் தாங்குபவை எஞ்சுகின்றன. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: கோடையில் எண்ணிக்கையும் வகையும் உச்சம், மழைக்காலத்தில் இரண்டும் வீழ்ச்சி. இந்த ஏற்ற இறக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுப் பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

எண்ணியவர்களின் வரலாறு நீண்டது. 1902இல் இலங்கை முத்துக்குளிப்பு நீர்களை ஆராயப் பேராசிரியர் ஹெர்ட்மன் அனுப்பப்பட்டார். சிப்பியைத் தேடி வந்தவர் துடுப்புக்காலிகளையும் சேகரித்துச் சென்றார். தாம்சன், ஸ்காட் இருவரும் 1903இல் அவற்றை விவரித்து எழுதிய அறிக்கை நம் கடலின் துடுப்புக்காலிகளுக்கு ஒரு தொடக்க நூல். இந்தியக் கடல்களின் துடுப்புக்காலிகளைப் பற்றி ஸீமோர் ஸூவெல் 1929லும் 1932லும் பெருநூல்கள் வெளியிட்டார். சென்னைக் கடலின் மிதவை உயிரிகளைப் பற்றி 1931இல் கே.எஸ்.மேனன் எழுதினார். 1950களில் எஸ்.கிருஷ்ணசுவாமி சென்னைக் கரையின் துடுப்புக்காலிகளை ஆராய்ந்தார். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபத்தில் இயங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் உயராய்வு மையத்தை வளர்த்தது. 1960களின் முற்பகுதியில் பல நாட்டுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தபோது, எல்லோரும் ஒரே அளவான வலையை இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுத்தார்கள். அந்த மாதிரிகளைப் பிரித்தெண்ணும் மையம் கொச்சியில் அமைந்தது. ஆழ்கடலுக்கு இப்படி ஒரு பொதுக் கணக்கு கிடைத்தது. கப்பல் நெருங்க முடியாத கரையோரச் சிறுநீருக்கு அதே ஒழுங்கில் ஒரு தொடர்கணக்கு வாய்க்கவில்லை. அங்கே கிடைப்பவை ஆய்வேடுகள்: ஓரிரண்டு ஆண்டுகள், ஒரு மாணவர், ஒரு பட்டம்.

இவ்வளவு சிறியவற்றுக்கு இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். நெத்திலியும் சாளையும் இவற்றை உண்டு வளர்கின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த மீன்குஞ்சின் வாய் மிகச் சிறியது. அதற்குள் நுழையக்கூடிய உணவுகளில் முக்கியமானது துடுப்புக்காலியின் இளம்பருவம். குஞ்சு பொரிக்கும் வாரத்தில் அது இல்லையென்றால் அடுத்த பருவத்தில் வலை வெறுமையாக வரும். மீனவர் அதைக் கடலின் பொய்த்தல் என்பார். அவர் சொல்வது சரியே. பொய்த்தது எந்த இடத்தில் என்பதுதான் அவருக்குக் காட்டப்படவில்லை.

மீனை உண்ணாதவருக்கும் இதில் பங்குண்டு. காலராக் கிருமி துடுப்புக்காலிகளின் உடலிலும் முட்டைப்பையிலும் ஒட்டி வாழ்கிறது. இதை அறிந்த ரீட்டா கால்வெல் குழுவினர் வங்கதேசத்தின் 65 கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். பழைய புடவைத் துணியைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொன்னார்கள். கிருமி துணியில் சிக்காத அளவு சிறியது. அதைச் சுமக்கும் துடுப்புக்காலி சிக்கிவிடும். காலரா ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது என்று 2003இல் அறிவித்தார்கள். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. நரம்புச்சிலந்தி நோயைப் பரப்பியது சைக்ளோப்ஸ் என்ற நன்னீர்த் துடுப்புக்காலி. கிணற்று நீரைத் துணியில் வடிகட்டு என்று ஊர் ஊராகச் சொல்லித்தான் அந்நோய் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் நாடு விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரைப் பற்றி மக்களிடம் அவர்கள் மொழியில் பேச முடியும், பேசினால் பயன் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மண்ணூர்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கடல் இங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர். எங்கள் ஊரின் அடையாளம் அலையோசையன்று. 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கடைசல் இயந்திரங்களும் அழுத்து இயந்திரங்களும்தான். ஆனால் நீருக்கு ஊர் எல்லை தெரியாது. அம்பத்தூர், கொரட்டூர், ரெட்டேரி என்று தொடர்ந்த ஏரிகளின் மிகைநீர் கால்வாய்கள் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கிப் போகிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. இங்கே ஒரு பட்டறையில் கழுவிவிடப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு மழைவெள்ளத்தில் எங்கே போகும் என்று கேட்டால், அதன் வழி கிழக்கே கடலில் முடிகிறது. எங்கள் ஊர் கடலோர ஊரன்று என்று நாங்கள் சொல்லித் தப்ப முடியாது.

எண்ணூர் அண்மைக் காலத்தில் இரண்டு பெரிய எண்ணெய்க் கசிவுகளைக் கண்டது. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. இளைஞர்கள் வாளிகளால் எண்ணெயை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் படர்ந்தது. இழப்பீடு பேசப்பட்டபோது குடும்பங்களும் படகுகளும் கணக்கிடப்பட்டன. அவை கணக்கிடப்பட வேண்டியவையே. ஆனால் நீருக்குள் என்ன நேர்ந்தது?

இங்கேதான் முன்பு சொன்ன ஏற்ற இறக்கம் முக்கியமாகிறது. டிசம்பர் என்பது மழைநீரால் துடுப்புக்காலிகள் தாமாகவே குறையும் மாதம். அந்த மாதத்தில் ஒருவர் வலையிழுத்து ஒன்றுமில்லை என்று கண்டால், காரணம் எண்ணெயா வெள்ளமா? அதே இடத்தில் முந்தைய பல டிசம்பர்களின் எண்ணிக்கை கையில் இருந்தால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லலாம். இல்லையென்றால் எண்ணெய்க்குரியவர் மழையைக் கைகாட்டிவிட்டுப் போகலாம். மறுப்பதற்கு எவரிடமும் சான்று இராது. இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று பெருகும் உயிர்கள் சில வாரங்களில் திரும்பவும் வரலாம். அப்போது வந்து பார்ப்பவர் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதலாம். இடையில் பட்டினியால் அழிந்த மீன்குஞ்சுகள் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் மழைக்காலம் நீங்கலான ஒரே ஒரு பருவத்தின் தரவு போதும் என்பதும் பல திட்டங்களுக்கு நடைமுறையாக இருக்கிறது. ஆண்டுக்குள் திசையும் உப்பும் மாறும் ஒரு கடலுக்கு ஒரே பருவத்துத் தரவு என்பது, நான்கு பக்கக் கதையில் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்து விமர்சனம் எழுதச் சொல்வது போன்றது. எங்கள் கோரிக்கை எளியது. எண்ணூர், பழவேற்காடு, அடையாறு முகத்துவாரங்களில் குறிப்பிட்ட சில இடங்களில் மாதம் ஒருமுறை, ஒரே அளவான வலையால், பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ண வேண்டும். அந்த எண்களை மாதந்தோறும் தமிழில், படத்தோடு, எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பரங்கிப்பேட்டையும் மண்டபமும் அறுபது எழுபது ஆண்டுகளாகப் பழகிய வேலை இது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று அறிவோம். உயிரியல் பெயர்கள் இலத்தீனில் இருப்பதுதான் உலக முறை, தமிழ்ப் பெயர் சூட்டினால் குழப்பம் மிகும் என்பார்கள். இலத்தீன் பெயரை அகற்றச் சொல்லவில்லை. அது இருந்த இடத்தில் இருக்கட்டும். பத்தாயிரம் இனத்துக்கும் தனித்தமிழ்ப் பெயர் ஆக்கும் வேலையும் வேண்டியதில்லை. வகைக்கு ஒரு பெயர், அது என்ன செய்கிறது என்று இரண்டு வரி, எப்போது மிகும் எப்போது குறையும் என்ற கணக்கு. இவ்வளவே கேட்கிறோம்.

மக்கள் பெயர் வைக்கத் தெரியாதவர்களும் அல்லர். கருவாட்டுக் கடையில் சென்னாக்குன்னி என்று கேட்டால் விரல்நுனியளவான காய்ந்த கூனியிறாலை அளந்து போடுகிறார்கள். கூன் விழுந்தாற்போல் வளைந்திருப்பதால் கூனி. அசிட்டஸ் என்று ஆய்வாளர் அழைக்கும் அவ்வுயிருக்குப் பெயர் வைத்தவர் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவரல்லர். உணவாக ஆனதால் அதற்குப் பெயர் கிடைத்தது. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழவேற்காட்டுச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்குச் சேற்றின் நிறத்திலும் நீரின் சுவையிலும் பருவம் தெரியும். அவர்களிடம் ஓர் உருப்பெருக்கியைக் கொடுத்து, இதோ உங்கள் இறால் குஞ்சின் உணவு என்று காட்டினால், பெயர் வைக்க நீண்ட காலம் ஆகாது. அந்தப் பெயர் நம் அகராதிக் குழுக்கள் ஆக்கும் பெயரைவிட நெடுநாள் வாழும்.

இலக்கியம் வாசிக்கும் நாம் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நெய்தல் என்ற திணையை மணலும் தாழையும் இரங்கலுமாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். கருப்பொருள் என்று இலக்கணம் வகுத்தவர்கள் அந்நிலத்து உயிர்களையும் உணவையும் தொழிலையும் அதனுள் வைத்தார்கள். இன்றைய நெய்தலின் கருப்பொருள் பட்டியலில் துடுப்புக்காலிக்கு இடம் உண்டு. பக்கிங்காம் கால்வாயில் மிதக்கும் எண்ணெய்க்கும் உண்டு. பரங்கிப்பேட்டை ஆய்வேடுகளில் ஒன்றை எடுத்து, அதன் ஓராண்டுக் கணக்கைத் தெளிந்த உரைநடையில் நான்கு பக்கம் எழுத வல்லவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு நாவல்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். அடுத்த முறை எண்ணூரில் கேள்வி எழும்போது, முந்தைய டிசம்பர்களில் அந்த நீரில் எத்தனை இருந்தன என்று ஒரு மீனவப் பெண் விசாரணை மேடையில் தமிழில் படித்துக் காட்ட முடிய வேண்டும். அந்தத் தாளை எழுதிக் கொடுக்கும் கடமை, கடலைவிட்டுத் தள்ளியிருந்து கழிவை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் எங்கள் போன்ற ஊர்க்காரர்களுக்கு முதலில் உண்டு.