சிரிக்கும் முன் ஒரு வரி சொல்லக் கூடாதா?



நகைச்சுவைக்கு எதற்கு எச்சரிக்கை? இக்கேள்வியை என்னிடம் பலர் கேட்டுவிட்டனர். ‘சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே, ஐயா? இதைப்போய்ப் பெரிதுபடுத்துகிறீர்களே!’ என்கின்றனர். பெரிதுபடுத்த வேண்டிய செய்திதான் என்பதே என் நிலைப்பாடு. காரணங்களைச் சொல்கிறேன்.

மலேசியத் திரையரங்கில் ஒரு படம் வெளிவர வேண்டுமானால், திரைப்படத் தணிக்கை வாரியம் அதற்கு வயது வகை தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் யு, பி12, 13, 16, 18 என ஐந்து வகைகள் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவிலும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆக, முழுப் படத்திற்கு வேலி இருக்கிறது. ஆனால், அதே படத்திலிருந்து மூன்று நிமிடக் காட்சியை வெட்டி வலையொளியில் ஏற்றி, புலனக் குழுவில் பகிரும்போது அந்த வயது வகை எங்கே போகிறது? வேலியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுக் கிளையை மட்டும் ஒடித்துப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். முள் கிளையில் அல்லவா இருக்கிறது!

அத்தகைய துணுக்குகளில் என்னதான் இருக்கிறது? ஒருவன் கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டு தவிப்பான். சுற்றி நிற்பவர்கள் கேலி பேசுவார்கள். மனைவியை அடிப்பது சிரிப்பாகும். திக்குவாய், கறுப்பு நிறம், பருத்த உடல், மனநோய் எல்லாமே சிரிப்புக்கு மூலப்பொருள். கவுண்டமணி, செந்தில் காலத்திலிருந்தே உதைப்பதும் தோற்றத்தைச் சொல்லி வைவதும் நமக்குப் பழகிவிட்டன. அக்கலைஞர்களின் திறமையைக் குறைகூற நான் வரவில்லை. 1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்து வாழைப்பழ நகைச்சுவைக்கு நானும் சிரிப்பவன்தான். பார்ப்பது யார், அவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதே என் கேள்வி.

முப்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், அடிவாங்கும் தாயை அன்றாடம் காணும் பிள்ளை ஒன்று இருக்கலாம். உறவினர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கலாம். எல்லாரும் சிரிக்கும்போது அப்பிள்ளையும் சிரிக்கும். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே! ஆசிரியப் பணியில் நான் கண்ட மிகத் துயரமான சிரிப்பு அதுதான்.

முரண்பாடு ஒன்றைப் பாருங்கள். 2012 அக்டோபர் 2 முதல், இந்தியப் படங்களில் ஒருவர் வெண்சுருட்டைப் பற்றவைத்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் வந்தாக வேண்டும். 2023இல் இவ்விதி இணையவழித் திரைத் தளங்களுக்கும் நீண்டது. காளை நடித்தால், அது துன்புறுத்தப்படவில்லை என்று அறிவிக்கிறார்கள். புகைக்கு ஒரு வரி, காளைக்கு ஒரு வரி. தூக்குக் கயிற்றை வைத்துச் சிரிப்புக் காட்டும் துணுக்குக்கு ஒரு வரியும் இல்லை! உலகச் சுகாதார நிறுவனமோ 2019இல் திரை, மேடைக் கலைஞர்களுக்கென்றே தற்கொலைச் சித்திரிப்பு குறித்து ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. காட்சி தொடங்குமுன் அறிவிப்பு இடுவதைக் கருதுமாறு அதில் பரிந்துரைத்தது.

நான் தடை கோருவதாக யாரும் எண்ண வேண்டா. பிரிட்டனில் ‘லிட்டில் பிரிட்டன்’ என்னும் நகைச்சுவைத் தொடரை 2020 ஜூனில் பிபிசியும் நெட்பிளிக்சும் தத்தம் தளங்களிலிருந்து நீக்கின. வெள்ளை நடிகர்கள் முகத்தைக் கருப்பாக்கி நடித்ததே காரணம். 2022இல் சில வெட்டுகளுடன் அது பிபிசியின் தளத்திற்குத் திரும்பியது. நீக்குவது எளிது, நீக்கிவிட்டால் எவரும் எதையும் பேச வேண்டியதில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காட்டுவதோ, பார்ப்பவரை மதிப்பதாகும்.

‘எச்சரிக்கையால் பயனில்லை என்று ஆய்வே சொல்கிறதே!’ என்பார் உண்டு. உண்மைதான். 2023இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முன்னெச்சரிக்கை வாசகங்கள் பார்ப்பவரின் மனவருத்தத்தைக் குறைப்பதில்லை என்றும், பார்க்கும் முன்பே சற்றுப் பதற்றத்தைக் கூட்டுகின்றன என்றும் கண்டது. ஆனால், நான் கேட்கும் அறிவிப்பு எட்டு வயதுப் பிள்ளை படிப்பதற்கன்று. அப்பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுக்கும் தாய்க்கும், வகுப்பில் திரையை இயக்கும் ஆசிரியருக்கும் உரியது. மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு நோயைக் குணமாக்குவதில்லை. அதற்காகச் சீட்டைக் கிழித்தா எறிகிறோம்?

நான் வேண்டுவன மூன்றே:

1. ஒரு நகைச்சுவைத் துணுக்கைப் பகிரும் முன் முழுமையாகப் பாருங்கள். உள்ளே அடி, தூக்கு, உடற்கேலி இருந்தால் ஒரே வரியில் எழுதிவிட்டுப் பகிருங்கள்.

2. பள்ளிக் கலைநிகழ்ச்சியில் பிள்ளைகள் நடிக்கும் நகைச்சுவை நாடகத்தின் எழுத்துப்படியை ஆசிரியர் முன்னரே படிக்க வேண்டும். கடுமையான காட்சி இருப்பின், அழைப்பிதழிலேயே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. ஒரு பிள்ளை எழுந்து வெளியே போக விரும்பினால் போகட்டும். எல்லார் முன்னிலையிலும் காரணம் கேட்காதீர்கள். பிறகு தனியே அழைத்து, அன்பாகப் பேசுங்கள்.

இதற்குச் சுற்றறிக்கை வேண்டா; ஒதுக்கீடும் வேண்டா. பத்து விநாடி போதும். உங்கள் பள்ளியில் இவ்வாண்டு நடக்கவிருக்கும் கலைநிகழ்ச்சியிலிருந்தே தொடங்கலாமே!